வெண்பன்றிக்கு இரும்புச் சத்து: எந்த வயதில், எவ்வளவு?

சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் இருக்கிறது கரிவலம்வந்தநல்லூர். இந்தப் பக்கத்தில் ஒன்றிரண்டு தாய்ப் பன்றிகளை வாங்கி வெண்பன்றி வளர்ப்பைத் தொடங்கும் சிறு விவசாயிகள் எங்களிடம் கேட்கும் கேள்வி இது: "குட்டிகள் வெளுத்துப் போகின்றன. வளரும் பன்றிகளும் தேறவில்லை. தீவனத்தில் இரும்புச் சத்து எவ்வளவு சேர்க்க வேண்டும்?"

ஒரு கேள்வி போலத் தோன்றினாலும் இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பால் குடிக்கும் குட்டி வெளுப்பதற்குக் காரணம் வேறு. மூன்று மாதப் பன்றி வெளுப்பதற்குக் காரணம் வேறு. முதலாவதற்கு இரும்புதான் மருந்து; அதைத் தவணை தவறாமல் கொடுக்க வேண்டும். இரண்டாவதற்கு இரும்பு பெரும்பாலும் தேவைப்படாது. இந்த வேறுபாடு தெரியாமல் போனால், ஒவ்வொரு ஈற்றிலும் இரண்டு மூன்று குட்டிகளைப் பறிகொடுத்துவிட்டு, பிழைத்து வளர்ந்த பன்றிகளுக்கு வீண் செலவும் செய்ய நேரிடும்.

பாலில் இல்லாத சத்து

பன்றியின் பால் மிகச் சத்தான பால். கொழுப்பும் புரதமும் அதில் பசும்பாலைவிட அதிகம். பிறக்கும்போது ஒன்றேகால் கிலோ இருக்கும் குட்டி, நல்ல மடி கிடைத்தால், மூன்றே வாரத்தில் நான்கு மடங்கு எடை பெற்றுவிடும். கன்றுக்குட்டி தன் பிறந்த எடையை இரட்டிப்பாக்கவே ஒன்றரை மாதத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த வேகம் புரியும்.

எடை கூடினால் இரத்தமும் கூட வேண்டும். இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவதும், மூச்சுக்காற்றிலுள்ள பிராண வாயுவை உடலெங்கும் சுமந்து செல்வதும் ஹீமோகுளோபின் என்னும் பொருள். அதை உண்டாக்க இரும்பு வேண்டும். பாலில் எல்லாச் சத்தையும் கொட்டிக் கொடுத்த இயற்கை, இரும்பை மட்டும் கிள்ளிக் கொடுத்திருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். பிறந்த குட்டியின் உடலில் மொத்தம் 40 முதல் 50 மில்லிகிராம் இரும்புதான் இருக்கும். குட்டி சரியாக வளர நாளொன்றுக்கு 7 மில்லிகிராம் வேண்டும். தாய்ப்பாலில் கிடைப்பதோ நாளுக்கு 1 மில்லிகிராம் அளவே. ஏழு ரூபாய் செலவுள்ள வீட்டில் ஒரு ரூபாய் வரவு என்றால், கையிருப்பு எத்தனை நாள் தாங்கும்? ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். அதன் பிறகு குட்டியின் எடை கூடும். இரத்தம் நீர்த்துக்கொண்டே போகும். நல்ல நிலையிலுள்ள குட்டியின் இரத்தத்தில் 100 மில்லிக்கு 10 கிராமுக்குக் குறையாமல் ஹீமோகுளோபின் இருக்கும். அது 8 கிராமுக்குக் கீழே இறங்கினால் சோகை என்று கொள்ள வேண்டும். 4 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டால் குட்டி பிழைப்பது கடினம்.

கொழுத்த குட்டி ஏன் முதலில் சாகிறது?

சோகை கண்ட குட்டிகளில் பல நோஞ்சானாகத் தெரிவதில்லை. அதனால்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். நல்ல காம்பைப் பிடித்துக்கொண்டு அதிகப் பால் குடிக்கும் குட்டிதான் வேகமாக வளர்கிறது. வேகமாக வளர்வதால் அதன் இரும்பு இருப்புத்தான் முதலில் தீர்கிறது. கழுத்தும் தோளும் உப்பிக் கொழுகொழுவென்று இருக்கும். அது கொழுப்பாக இல்லாமல் நீர்க்கோவையாகவும் இருக்கலாம். இரண்டாவது மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், தாயை நோக்கி ஓடும்போதோ, நாம் துரத்திப் பிடிக்கும்போதோ அந்தக் குட்டி சுருண்டு விழுந்து செத்துவிடும். "நேற்றுவரை நன்றாக இருந்த குட்டி, பாம்பு கடித்திருக்கும்" என்று முடிவு கட்டிப் புதைத்துவிடுவார்கள். ஈற்றிலேயே பெரிய குட்டி இப்படித் திடீரென்று போனால், மற்றக் குட்டிகளைத் தூக்கிப் பார்ப்பது முதல் வேலையாக இருக்கட்டும்.

என்ன பார்க்க வேண்டும்? வெள்ளை இனமாதலால் வெளுப்பு எளிதில் கண்ணில் படாது. குட்டியைத் தூக்கி, காதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். நல்ல குட்டியின் காது இளஞ்சிவப்பாக இருக்கும். இரத்தக் குழாய்கள் கோடு கோடாகத் தெரியும். சோகைக் குட்டியின் காது மெழுகு போல வெளுத்து, கோடுகள் மங்கியிருக்கும். கண்ணின் கீழிமையை விரலால் இறக்கி உட்பக்கத்தைப் பாருங்கள். வாயைத் திறந்து ஈறைப் பாருங்கள். கறுப்பு நாட்டுப் பன்றிக் குட்டிக்கு இவ்விரண்டு இடங்கள்தாம் அடையாளம். உரோமம் பளபளப்பின்றிச் சிலிர்த்து நிற்கும். கழிச்சலும் சேர்ந்து வரலாம். நோய் முற்றிய குட்டி படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கும். விலாவுக்குப் பின்னால் வயிறு வெட்டி வெட்டி இழுக்கும். இந்த நிலைக் குட்டியைத் துரத்தவோ, பிடித்து அமுக்கவோ கூடாது. அதன் இதயம் தாங்காது.

மண்ணும் சிமெண்டும்

காட்டுப் பன்றிக்கு இந்த நோய் ஏன் வருவதில்லை என்று கேட்கலாம். அங்கே குட்டி பிறந்த இரண்டாம் நாளே தாயோடு சேர்ந்து மண்ணை முகர்ந்து, கிளறி, தின்னத் தொடங்கிவிடுகிறது. மண்ணிலுள்ள இரும்பில் சிறிதளவு அதன் குடலில் சேர்கிறது. தெருவில் திரியவிட்ட நாட்டுப் பன்றிக்கும் அப்படியே. பன்றியைக் கொட்டகையில் அடைத்துச் சிமெண்டுத் தளம் போட்ட பிறகுதான் இது பெருநோயாக வெளிப்பட்டது. ஸ்காட்லாந்தில் மக்கோவன், கிரிக்டன் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் 1923-ஆம் ஆண்டிலேயே, அடைத்து வளர்க்கும் பன்றிகளின் உணவில் இரும்புக் குறைவால் குட்டிகளுக்கு நேரும் கேட்டை எழுதி வெளியிட்டார்கள். 1950-களில் இங்கிலாந்தில் இரும்பு டெக்ஸ்ட்ரான் என்னும் ஊசி மருந்து வந்த பிறகு இந்தச் சோகையைத் தடுப்பது எளிதாயிற்று. இன்றைக்கும் உலகெங்கும் அடைத்து வளர்க்கும் பண்ணைகளில் அதுவே வழக்கம்.

இதைப் படித்துவிட்டுச் சிமெண்டுத் தளத்தைப் பெயர்த்துவிட வேண்டாம். சிமெண்டுத் தளம் நல்லதே. கழுவலாம், காயவிடலாம், குடற்புழுவின் தொல்லை குறையும். தளம் மண்ணோடிருந்த உறவை அறுத்துவிட்டதால், மண் கொடுத்துவந்ததை இனி நாம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

தாய்க்குக் கொடுத்தால் குட்டிக்குப் போகாதா?

சினைப் பன்றிக்கு இரும்பு டானிக்கும் முருங்கைக் கீரையும் நிறையக் கொடுத்தால் போதாதா என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. தாய் எவ்வளவு இரும்பு தின்றாலும் அது பாலில் மிகுதியாக இறங்குவதில்லை. கருவிலுள்ள குட்டியின் இருப்பையும் பெரிதாகக் கூட்டுவதில்லை. இரும்பு மிகுந்த தீவனம் தின்ற தாயின் குட்டிகள் சில சமயம் கொஞ்சம் தேறியிருப்பதுண்டு. பாலில் வந்ததால் அன்று. தாயின் சாணத்தில் வெளியேறிய இரும்பைக் குட்டிகள் நக்கித் தின்பதால்தான். அதை நம்பிப் பண்ணை நடத்த முடியாது. சினைப் பன்றிக்குக் கீரையும் பசுந்தீவனமும் கொடுங்கள். அது அதன் உடம்புக்கு நல்லது. குட்டிகளுக்கு வைட்டமின் ஈ கிடைக்கவும் உதவும். ஆனால் குட்டியின் இரும்பைக் குட்டிக்கே நேராகக் கொடுக்க வேண்டும்.

நான்காம் நாள் ஊசி

பிறந்த மூன்றாம் நாள் அல்லது நான்காம் நாள் இரும்பு டெக்ஸ்ட்ரான் ஊசி போடுவதே நிச்சயமான வழி. பிறந்த அன்றே போட வேண்டாம்; அன்று சீம்பால் குடித்துச் சூடேறுவதுதான் குட்டிக்கு முக்கியம். ஒரு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்று தள்ளியும் போடாதீர்கள். அதற்குள் இருப்புத் தீர்ந்துவிடும்.

ஒரு குட்டிக்கு மொத்தம் 200 மில்லிகிராம் இரும்பு. இங்கேதான் கவனம் வேண்டும். மில்லி வேறு, மில்லிகிராம் வேறு. கடைகளில் ஒரு மில்லி மருந்தில் 50, 100, 200 மில்லிகிராம் என்று பல செறிவுகளில் விற்கிறார்கள். "அண்ணன் பண்ணையில் ஒரு மில்லி போட்டார்கள், நானும் ஒரு மில்லி போட்டேன்" என்பது சரியாகாது. அவர் வாங்கிய மருந்து 200 செறிவாகவும் உங்கள் மருந்து 50 செறிவாகவும் இருந்தால், உங்கள் குட்டிக்குக் கால் பங்குதான் போயிருக்கும். பாட்டிலின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்து, 200 செறிவானால் 1 மில்லி, 100 செறிவானால் 2 மில்லி என்று கணக்கிட வேண்டும். 50 செறிவானால் 4 மில்லி வரும். அவ்வளவு மருந்தை அந்தச் சிறு கழுத்து தாங்காது. ஆகவே நான்காம் நாள் 2 மில்லி, பதினான்காம் நாள் 2 மில்லி என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மற்றச் செறிவு மருந்தையும் இப்படி நூறு நூறாக இரு தவணையில் போடலாம். குட்டிகளை ஆறு வாரம், எட்டு வாரம் வரை தாயிடம் விட்டு வைக்கும் நம் பண்ணைகளுக்கு இரு தவணை முறை பொருந்தும். முதல் ஊசியைக் கால்நடை உதவி மருத்துவர் போடும்போது அருகில் இருந்து பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள்.

ஊசி போடும் இடம் கழுத்து. காதின் அடிக்குச் சற்றுப் பின்னால் உள்ள தசை. தொடையில் போடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதை விட்டுவிடுவது நல்லது. நரம்பில் பட்டுக் கால் நொண்டும். கறுப்புக் கறை இறைச்சியில் தங்கி, பிற்காலத்தில் விலை போகும் தொடைக்கறியைக் கெடுக்கும். 18 முதல் 20 எண்ணுள்ள, அரை அங்குல நீளமுள்ள ஊசி போதும். ஒருவர் குட்டியை மார்போடு அணைத்துப் பிடிக்க, மற்றவர் கழுத்துத் தோலைக் கட்டைவிரலால் ஒரு பக்கமாகச் சற்றுத் தள்ளி ஊசியைச் செலுத்த வேண்டும். மருந்தை மெதுவாக ஏற்றி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, ஊசியை எடுத்துவிட்டு விரலையும் எடுங்கள். தள்ளிய தோல் திரும்பி வந்து துளையை மூடிக்கொள்ளும். இல்லாவிட்டால் பழுப்புநிற மருந்து வெளியே வழிந்துவிடும். போட்டும் போடாததற்குச் சமம்.

ஊசி சுத்தமாக இருக்க வேண்டும். அழுக்கு ஊசியால் சீழ்க்கட்டி வரும். ஒரு குட்டியின் நோய் அடுத்த குட்டிக்கும் போகும். கழிச்சலோ காய்ச்சலோ உள்ள குட்டிக்கு மருத்துவர் பார்த்த பிறகு போடலாம். அரிதாக, வைட்டமின் ஈயும் செலினியமும் குறைந்த தாயின் குட்டிகள் இரும்பு ஊசி போட்ட சில மணி நேரத்திலேயே சாவதுண்டு. உங்கள் கொட்டகையில் முன்பு அப்படி நேர்ந்திருந்தால், அடுத்த ஈற்றுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தாய்க்கு முன்கூட்டியே அந்தச் சத்துகளைக் கொடுத்துச் சரிசெய்யலாம்.

தாய் ஈன்ற தேதியைக் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதி, பக்கத்திலேயே நான்காம் நாள், பதினான்காம் நாள் தேதிகளையும் எழுதி வையுங்கள். மருந்து வாங்க மறப்பவரைவிட நாளை மறப்பவரே அதிகம். பத்துக் குட்டிக்கு ஆகும் மருந்துச் செலவை, பால் மறந்த ஒரே ஒரு குட்டியின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறு வாதம் தேவைப்படாது.

ஊசிக்கு வழியில்லாதபோது

மருந்தகம் தொலைவில் இருந்தாலோ, மருந்து கிடைக்காவிட்டாலோ அன்னபேதி கைகொடுக்கும். நாட்டு மருந்துக் கடையிலும் உரக் கடையிலும் கிடைக்கும் பச்சைநிறப் படிகம் இது. இதில் ஐந்தில் ஒரு பங்கு இரும்பு. பச்சை மாறிப் பழுப்பேறியிருந்தால் வாங்க வேண்டாம். காற்றுப் பட்டுக் கெட்ட சரக்கு.

50 கிராம் அன்னபேதியை ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்து ஆறவிட்டு, துணியில் நனைத்துத் தாயின் மடியிலும் காம்புகளிலும் நாள்தோறும் தடவலாம். குட்டிகள் பால் குடிக்கும்போது சிறிது சிறிதாக உள்ளே போகும். குட்டிகள் தீவனம் நன்றாகத் தின்னத் தொடங்கும்வரை இதை நிறுத்தக் கூடாது. இதே கரைசலைச் சுத்தமான செம்மண்ணில் தெளித்து, குட்டிகள் மட்டும் நுழையும் மூலையில் நாளுக்கொரு கூடை கொட்டலாம். வெறும் செம்மண்ணைவிட இது மேல். செம்மண்ணின் சிவப்பும் இரும்புத் துருவும் ஒரே வகைப் பொருள். குடலில் எளிதில் சேராது. மண்ணைப் பன்றிகள் புழங்காத நிலத்திலிருந்து, மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, ஆழத்திலிருந்து எடுத்து வெயிலில் காயவைக்க வேண்டும். பன்றி புழங்கிய மண்ணில் உருண்டைப் புழுவின் முட்டைகள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

வாய்வழியாக நேரே ஊட்டுவதானால் 18 கிராம் அன்னபேதியை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைத்து, குட்டிக்கு நாளொன்றுக்கு 4 மில்லி ஊட்டலாம். படிகத்தை அப்படியே வாயில் போடுவது ஆபத்து. ஒரு கிலோ உடல் எடைக்கு 600 மில்லிகிராம் இரும்பு உள்ளே போனால் சின்னக் குட்டியின் உயிர் போய்விடும். ஒரு சிறு கரண்டி, அதாவது 5 கிராம் அன்னபேதியில் 1,000 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஒன்றரைக் கிலோக் குட்டிக்கு அதுவே எமன்.

இந்த முறைகள் எல்லாம் ஆளை நம்பியவை. ஒருநாள் செய்து மறுநாள் விட்டால் பயனில்லை. வலுவான குட்டி நக்கிக்கொள்ளும், நோஞ்சான் ஒதுங்கிவிடும். எனவே ஊசி கிடைக்கிற இடத்தில் ஊசியே போடுங்கள் என்பதுதான் என் கருத்து.

பத்தாம் நாள் முதல், தாய்க்கு எட்டாத இடத்தில், சிறு தட்டில் குட்டித் தீவனம் வையுங்கள். முதலில் மூக்கால் கிளறிச் சிந்தும். பிறகு தின்னப் பழகும். மூன்று வாரத்துக்குப் பிறகு தாய்ப்பால் குறையத் தொடங்கும்போது, இரும்பும் இந்தத் தட்டிலிருந்துதான் வரவேண்டும்.

வளரும் பன்றியின் கணக்கு

இனி இரண்டாவது கேள்வி. 5 முதல் 10 கிலோ எடையுள்ள குட்டிக்கு ஒரு கிலோ தீவனத்தில் 100 மில்லிகிராம் இரும்பு வேண்டும். 20 முதல் 50 கிலோ வரை உள்ள பன்றிக்கு 60 போதும். 50 கிலோவுக்கு மேல் 50; 80 கிலோ தாண்டினால் 40. வயது ஏற ஏறத் தேவை குறைகிறது என்பதைக் கவனியுங்கள்.

நம் தீவனத்தில் எவ்வளவு இருக்கிறது? மக்காச்சோளம் 50, அரிசித் தவிடு 20, கடலைப் பிண்ணாக்கு 20, கருவாட்டுத் தூள் 7.5, தாது உப்புக் கலவை 2, உப்பு அரை கிலோ என்று 100 கிலோ தீவனம் கலப்பதாக வைத்துக்கொள்வோம். அரிசித் தவிட்டில் கிலோவுக்கு ஏறத்தாழ 190 மில்லிகிராம் இரும்பு உண்டு. 20 கிலோத் தவிட்டால் மட்டும் தீவனத்தில் கிலோவுக்கு 38 மில்லிகிராம் வந்துவிடுகிறது. வாங்கிய தாது உப்புக் கலவையில் கிலோவுக்கு 4 கிராம் இரும்பு என்று அச்சிட்டிருந்தால், அதிலிருந்து 80 மில்லிகிராம். இரண்டும் சேர்ந்து 118. மக்காச்சோளத்தையும் பிண்ணாக்கையும் கருவாட்டையும் நாம் இன்னும் கணக்கில் எடுக்கவேயில்லை. தானியத்திலும் தவிட்டிலும் உள்ள இரும்பு முழுவதும் குடலில் சேராது என்பது உண்மைதான். அதற்குத் தள்ளுபடி செய்தாலும் 60-ஐ எட்டுவதில் தடையில்லை.

அதற்கு மேலும் இரும்பைக் கொட்டினால் நன்மை இல்லை; கெடுதல் உண்டு. மிஞ்சிய இரும்பு குடலில் பாஸ்பரஸைக் கட்டிப்போட்டு எலும்புக்குப் போகவிடாது. தீவனத்தில் கிலோவுக்கு 5,000 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு சேர்ந்தால் வளர்ச்சி குன்றி, எலும்பு வளைந்து, பன்றி நொண்டும். கைக்குத் தோன்றியபடி அன்னபேதியை அள்ளிப் போடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அப்படியானால் மூன்று மாதப் பன்றி வெளுத்துக் கிடப்பதேன்? இரும்பு உள்ளே போகிறது, ஆனால் எங்கோ களவு போகிறது என்று பொருள். காதுக்குப் பின்னாலும் கால் இடுக்கிலும் விலக்கிப் பாருங்கள். பன்றிப் பேன் கண்ணுக்கு நன்றாகத் தெரியுமளவு பெரியது. இரத்தம்தான் அதற்கு உணவு. அடுத்தது குடற்புழு. சாட்டைப் புழு பெருங்குடலில் தலையைப் புதைத்துக்கொண்டு புண்ணாக்கும். சாணம் சளியும் இரத்தமுமாக வரும். உருண்டைப் புழு சத்தைத் தின்றுவிடும். சாணத்தைச் சோதித்து மருந்து கொடுக்க வேண்டும். எல்லாப் புழுவுக்கும் ஒரே மருந்து கேட்காது. தாய்ப் பன்றிக்கு ஈற்றுக்கு இரண்டு வாரம் முன்பாகவே புழு மருந்து கொடுத்துவிடுவது நல்ல பழக்கம். தார் போலக் கறுத்த சாணம் போட்டால் இரைப்பைப் புண் இருக்கலாம். தீவனத்தை மாவாக அரைத்துப் போடுவதும் இதற்கு ஒரு காரணம். எலி மருந்தைத் தின்ற பன்றிக்கு உள்ளுக்குள்ளேயே இரத்தம் கசியும். பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கும் மக்காச்சோளமும் ஈரலைக் கெடுத்து இதே போல வெளுக்க வைக்கும். "மாட்டுக்கு ஆகாது, பன்றிக்குப் போடலாம்" என்று பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கை ஒதுக்கி வைக்கிறார்களே, அதைக் குப்பைக்குழியில் போடுவதுதான் சரி. இத்தனையும் பார்த்த பிறகும் காரணம் புரியாவிட்டால் இரத்தம் எடுத்துச் சோதிக்கலாம். தென்காசி மாவட்டத்துக்காரர்களுக்குத் திருநெல்வேலி இராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தொலைவில்தான் இருக்கிறது.

பருத்தி விதையும் ஓட்டல் மிச்சமும்

தீவனத்தில் இரும்பைப் பற்றி உண்மையாகவே கவலைப்பட வேண்டிய இரண்டு இடங்கள் உண்டு.

முதலாவது பருத்தி. இந்தப் பகுதிக்குப் பருத்தி பழக்கமான பயிர். பருத்திக்கொட்டையும் பருத்திப் பிண்ணாக்கும் மாட்டுத் தொழுவத்தில் இருக்கும். அங்கிருந்து ஒரு படி பன்றித் தொட்டிக்குப் போவது பெரிய காரியமில்லை. ஆனால் பருத்தி விதையில் காசிப்பால் என்னும் நச்சுப்பொருள் இருக்கிறது. மாட்டின் அசையூண் இரைப்பை அதை ஓரளவு அடக்கிவிடும். பன்றிக்கு அந்த வசதி இல்லை. காசிப்பால், தீவனத்திலுள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு சோகையை உண்டாக்கும். இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். சில வாரம் தின்ற பிறகு பன்றி மூச்சு வாங்கி, இளைத்து, ஒருநாள் செத்துக் கிடக்கும். தீவனத்தில் கட்டுப்படாத காசிப்பால் கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரைதான் பன்றி தாங்கும்.

இங்கே இரும்புதான் முறிமருந்து. காசிப்பாலின் எடைக்குச் சமமான எடை இரும்பை அன்னபேதியாகச் சேர்த்தால், இரண்டும் குடலிலேயே பிணைந்து சாணத்தோடு போய்விடும். 100 கிலோ தீவனத்துக்கு 50 கிராம் அன்னபேதி சேர்த்தால் கிலோவுக்கு 100 மில்லிகிராம் இரும்பு கூடும். ஆனால் நம் கையிலுள்ள பிண்ணாக்கில் காசிப்பால் எவ்வளவு என்பது சோதித்தாலன்றித் தெரியாது. ஆலைக்கு ஆலை, விதைக்கு விதை மாறும். எனவே பருத்திக்கொட்டையைப் பன்றிக்குப் போடவே கூடாது. வேறு புரதம் கிடைக்காத நேரத்தில் சூடேற்றி ஆட்டிய பிண்ணாக்கை மட்டும், வளரும் பன்றிக்கு நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் போகாமல், அன்னபேதியோடு சேர்த்துக் கொடுக்கலாம். குட்டிக்கும் சினைப் பன்றிக்கும் அதுவும் வேண்டாம். பருத்தி மாட்டுக்கு, கடலை பன்றிக்கு என்று பிரித்துக்கொண்டால் தொல்லையே இல்லை.

இரண்டாவது ஓட்டல் மிச்சம். சோறும் குழம்பும் பன்றிக்கு வயிறு நிரப்பும். எடையும் ஓரளவு ஏறும். ஆனால் தீட்டிய அரிசிச் சோற்றில் இரும்பு மிகக் குறைவு. இரும்பு தவிட்டோடு ஆலையிலேயே போய்விட்டது. வெறும் சோற்று மிச்சத்தில் வளரும் பன்றிக்கு இரும்பும் போதாது, செம்பும் போதாது, ஹீமோகுளோபின் உண்டாக்கத் தேவையான புரதமும் போதாது. இரும்பு மட்டும் கொடுத்து இந்தச் சோகையைத் தீர்க்க முடியாது. பன்றி ஒன்றுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோவாவது தவிடும் பிண்ணாக்கும் கலந்து, தாது உப்புக் கலவையும் ஒரு கைப்பிடி போட வேண்டும். ஓட்டல் மிச்சத்தை அரை மணி நேரம் கொதிக்க வைத்து ஆறிய பிறகே ஊற்ற வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2020-இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் முதன்முதலாக நம் நாட்டில் தலைகாட்டிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், இறைச்சி கலந்த மிச்சத்தின் வழியாகவும் பரவக்கூடியது. அதற்குச் சிகிச்சை கிடையாது.

பால் மறந்த குட்டிகளை விலைக்கு வாங்குவோருக்கு

தாய்ப் பன்றி வைக்காமல், இரண்டு மாதக் குட்டியை வாங்கி வளர்ப்போரும் உண்டு. முதல் மூன்று வாரத்தில் இரும்பு கிடைக்காமல் தப்பிப் பிழைத்த குட்டி, பிறகு எவ்வளவு தின்றாலும் உடன்பிறப்புகளை எட்டிப் பிடிக்க நாளாகும். வாங்கும்போது குட்டியின் எடையை மட்டும் பார்க்காதீர்கள். இரும்பு ஊசி எந்த நாள் போட்டார்கள், என்ன செறிவு, எத்தனை மில்லி என்று கேளுங்கள். நாள் சொல்லத் தெரியாமல் "எல்லாம் போட்டாச்சு" என்று பதில் வந்தால், குட்டியை வெளிச்சத்துக்குத் தூக்கிக் காதைப் பாருங்கள். இமையை இறக்கிப் பாருங்கள். வெளுத்திருந்தால் விலையைப் பேசுவதற்கு முன்னால் அடுத்த குட்டியைத் தூக்குங்கள்.